எந்தக் கொடியேற்றம்?

நீலசந்திரா வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, தமிழுக்கும் எங்களுக்கும் தாயாக வீற்றிருக்கும் வேதநாயகி அம்மையார் அவர்களே! அருகில் அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆர்வத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! திரைக்குப் பின்னால் நின்று "சீக்கிரம் முடிங்க" என்று சைகை காட்டும் செயலாளர் தம்பி விக்கி அவர்களே! அனைவருக்கும் மனு எழுதிப் பிழைக்கும் சுந்தரத்தின் மனமார்ந்த வணக்கம்.

"மதமும் அரசும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மலை போன்ற தலைப்பு! எனக்கு மலையேறத் தெரியாது. என் மேசைக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

நம் அங்கன்வாடியில் பதினோரு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சோறூட்டிச் சொல்லூட்டும் குளோரியா டீச்சரைத் தெரியாதவர் உண்டா? தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அதோ மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார்! ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், பரம்பரைக் கத்தோலிக்கர். சர்ச் என்று சொல்ல மாட்டார். அவருக்கு அது கோவில், அங்கே நடப்பது பூசை.

சென்ற ஆகஸ்டில் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது. "பதினஞ்சாந்தேதி காலையில கோவில்ல பூசை. முடிச்சிட்டு நேரா வந்துடறேன். எட்டரைக்குக் கொடியேத்தம். பிள்ளைங்களுக்கு வெள்ளைச் சட்டை போட்டு அனுப்புங்கம்மா."

இதில் என்ன குற்றம்? சொன்ன வாயில் இல்லை, கேட்ட காதில்தான் கோளாறு!

மறுநாள் காலை, அங்கே மகளைச் சேர்த்திருக்கும் ரகுராம் வந்தார். "அண்ணே, டீச்சர் வேளாங்கண்ணிக் கொடி ஏத்தப்போறாங்க, அதுவும் சர்க்கார் இடத்துல! அர்ஜி எழுதுங்க." மனுவை எழுதினேன். மாலையில், ஜெபக்கூட்டத்துக்குப் போகும் பிரபா வந்தார். அவர் மகனும் அங்கேதான். "அண்ணே, பிள்ளைங்கள இந்துக் கோவில் பூசைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். எங்க விசுவாசத்துக்கு அது ஆகாது. எழுதுங்க." அதையும் எழுதினேன், இந்த ஊர்ச் சர்க்கார் மொழியான கன்னடத்தில், அருமையாக! காலையில் மதம் பரப்பிய டீச்சர், மாலைக்குள் தானே மதம் மாறிவிட்டார். சிரிக்கிறீர்களா? அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா, அடுத்த மனுவுக்குத் தாள் தேடிக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் தேதி, இரண்டு மனுக்களோடு மேலதிகாரி மமதா மேடம் வந்துவிட்டார். கம்பத்துக்கு இந்தப் பக்கம் ரகுராம், அந்தப் பக்கம் பிரபா. டீச்சர் கயிற்றை இழுத்தார். விரிந்தது எந்தக் கொடி? மாதா கொடியா? கோவில் கொடியா? நம் மூவர்ணக் கொடி! உள்ளே மடித்து வைத்த சாமந்தி இதழெல்லாம் இருவர் தலையிலும் கொட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மமதா மேடம் தட்டவில்லை. "அல்ரீ, ரெண்டு அர்ஜியும் ஒரே கையெழுத்தா இருக்கே, யார் எழுதினது?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

அந்தக் கை இந்தக் கைதான்! கூட்டத்தில் நின்ற நான் கூனிக் குறுகிப் போனேன். டீச்சர் திட்டவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே" என்றார், அவ்வளவுதான். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்பர்களே! கோவிலில் கொடி ஏறட்டும், மாதா கோவிலில் கொடி ஏறட்டும், தர்காவில் கொடி ஏறட்டும்! ஆனால் அரசாங்கக் கம்பத்தில் உங்கள் மதக் கொடியும் வேண்டாம், என் மதக் கொடியும் வேண்டாம்! ஏன்? அங்கன்வாடியில் சத்துணவு முட்டைக்குக் கை நீட்டும் பிள்ளையிடம் "உங்க வீட்ல எந்தச் சாமி?" என்று எவரும் கேட்கக் கூடாது. மதவெறி எங்கிருந்தோ வருகிறது என்கிறோம். கேட்காமல் எழுதிய என் பேனாவிலிருந்தும் அல்லவா வந்தது!

அந்த மனுக்களின் நகல் மேலிடம் போய்விட்டது. டீச்சரைப் பொம்மனஹள்ளிக்கு மாற்றும் பேச்சு நடக்கிறது. ஆகவே, இதோ மூன்றாவது மனு: "குளோரியா டீச்சர் எங்களுக்கு வேண்டும்." முதல் கையெழுத்து ரகுராம், இரண்டாவது பிரபா. எழுதியது அதே கைதான். ஆனால் இந்த முறை டீச்சரிடம் கேட்டுவிட்டு எழுதினேன். "இங்கேயே இருக்கிறீர்களா?" என்றேன். "பிள்ளைங்கள விட்டுட்டு எங்கண்ணே போவேன்?" என்றார்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி, வணக்கம். தேநீர் அந்தப் பக்கம். அதற்கு முன்னால், பேனா இந்தப் பக்கம்!