ஜூலை மாதத்தில் என் வாசலில் பனி இருந்த காரணம்

ஓட்டர் லேக் கவுண்டி ஷெரீஃப் அலுவலகம். வாக்குமூலம் கொடுப்பவர் பெயர் டார்லா ஹெய்க்கினென், வயது 47, கணவர் பெயர் கர்ட், தொழில் பள்ளிப் பேருந்து ஓட்டுவது, விலாசம் ஸ்ப்ரூஸ் தெரு, பைன் ஃபோர்க், மேல் மிச்சிகன். எழுதிக்கொள்பவர் டெப்யூட்டி மோரின்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். என் கணவர் ஏரிச் சரக்குக் கப்பலில் சமையல்காரர் என்பதால் கோடை முழுவதும் தண்ணீரிலேயே இருப்பார். பள்ளி விடுமுறையில் எனக்கும் வேலை கிடையாது. என் வீட்டுக்கு நேர் எதிரே ரெய்னோ நியெமி, வயது 81, தன் மகள் லினெட்டுடன் வசித்து வருகிறார். ரெய்னோ கவுண்டி சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் தப்பிப் போகிறது. காலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மத்தியானம் நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்பார். லினெட் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வரும்வரை ரெய்னோ மேல் ஒரு கண் வைத்துக்கொள்வதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். இதை நானாகவே சொல்கிறேன், யாரும் கேட்டு வாங்கவில்லை.

ஜூலை மாதத்தில் என் வாசலில் பனி எப்படி வந்தது என்று டெப்யூட்டி கேட்டதற்கு நான் சொல்வதாவது: படங்களைப் பார்த்து, பிடித்ததை எடுத்துத் தங்கள் பலகையில் குத்தி வைத்துக்கொள்ளும் இணையதளம் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு என்ன பூ, கதவுக்கு என்ன வண்ணம் என்று பெண்கள் அங்கே போய்த்தான் தேடுகிறார்கள். வாசல் அலங்காரப் படங்களைப் போட்டு நான் மூன்று வருடமாக அதில் ஆள் சேர்த்து வருகிறேன். அங்கே அரட்டை கிடையாது. வருவார்கள், பார்ப்பார்கள், குத்திக்கொண்டு போய்விடுவார்கள். படம் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும், மேலே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக முன்கூட்டியே போட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஜூலையிலேயே தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். டிசம்பரில் படம் போடுவது பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு ஓடி வருவது மாதிரிதான், அப்படி ஓடி வருகிறவர்களை நான் என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வருடத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊரில் பனியைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று டெப்யூட்டி கேட்டார். எங்கள் ஊர்ப் பனி படத்துக்கு லாயக்கில்லை. ஜன்னல் உயரத்துக்கு ஏறி, சாலையில் போடும் மணலும் டீசல் புகையும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் நிற்கும். கதவு எங்கே இருக்கிறது என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும். டெக்ஸாஸிலும் ஃப்ளோரிடாவிலும் இருக்கிற பெண்களுக்குப் பிடித்த பனி வேறு. அது மெல்லியதாக, தடம் படாமல், வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். அப்படி ஒரு பனி நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் பெய்ததில்லை.

சம்பவம் நடந்த வியாழக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன், வாசல் கூரையிலும் படிகளிலும் மெத்தைக்குள் வைக்கிற பஞ்சு விரிப்பை விரித்தேன். புல்லின் மேலும் வண்டிப் பாதையிலும், தண்ணீர் பட்டால் உப்பி வெள்ளையாகிற பொடியைத் தூவிக் குழாயால் நனைத்தேன். அதன் பிறகு கதவில் கிறிஸ்துமஸ் பச்சை இலை வளையம் மாட்டிவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தேன். ரெய்னோ சமையலறை ஜன்னலில் காபிக் கோப்பையோடு நின்று என் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை ஆட்டினேன், அவர் கோப்பையை உயர்த்தினார். மனிதர் நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். படம் எடுத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. கூரியர் வண்டி என்று நினைத்து நான் திரும்பிப் பார்க்கவில்லை. இளவெயில் போய்க்கொண்டிருந்தது, பஞ்சு வேறு காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு உள்ளே போய், இருந்ததில் நல்ல படம் ஒன்றை எடுத்து, அதன் மேல் 'சின்ன வாசலுக்குப் பெரிய கிறிஸ்துமஸ்' என்று எழுதித் தளத்தில் ஏற்றினேன்.

மத்தியானம் லினெட் கத்தியது மூடிய கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். வீட்டில் ரெய்னோ இல்லை, கொட்டகையில் அவருடைய பழைய பிக்கப் வண்டியும் இல்லை. வண்டிச் சாவியை லினெட் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் வாளிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள், அது வைத்த இடத்திலேயே இருந்தது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் அவர் இன்னொரு சாவியைக் கம்பியில் கட்டி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. குளிரில் வண்டிக்கு வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பனி லாரிக்காரர்கள் எல்லோரும் அப்படிச் செய்வார்களாம்.

"காலை மாத்திரை மேசை மேலயே கிடக்குடி. ரேடியோல வெளிய போகாதீங்கன்னு சொல்ற வெயிலு. நீ பாத்துக்கறேன்னு சொன்னியேடி!" என்று லினெட் கேட்டாள். அவள் அவசர உதவி எண் 911-க்கு ஃபோன் செய்தாள்.

அதன் பிறகு டெப்யூட்டி மோரின் வந்தார். அவர் சின்ன வயதில் என் பேருந்தில் வந்தவர். இப்போதும் என்னைப் பார்த்தால், ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று மாட்டிக்கொண்ட முகம்தான். இதை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னார், எழுதச் சொன்னேன். ரெய்னோவின் மனைவியைப் புதைத்த கல்லறைத் தோட்டம், படகுத்துறை, கிழவர்கள் காபி குடிக்கிற பேக்கரி என்று மூன்று இடங்களுக்கும் போனோம். எங்கேயும் அவரை யாரும் பார்க்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. எண்பத்தொரு வயது, இருதய மாத்திரை சாப்பிடுகிறவர், எந்தப் பக்கம் போனார் என்றே தெரியாமல் இருந்தோம்.

பேக்கரி வாசலில் லினெட் என்னைக் கை காட்டி டெப்யூட்டியிடம் சொன்னது: "இவ மேல கேஸ் எழுதுங்க. எங்கப்பாவ பாத்துக்கடின்னா, பஞ்ச விரிச்சு அத போட்டோ எடுத்துட்டிருந்தா." அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

இவ்வளவு நேரமும் என் பையில் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மூன்று வருடமாக நான் எதற்குக் காத்திருந்தேனோ அது அன்றைக்குப் பார்த்துத்தான் நடந்தது. படம் பிய்த்துக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானவர்கள் குத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒரு ஆள்கூட எங்கள் ஊர்ச் சாலையில் இல்லையே என்று நினைத்தேன். அணைத்துவிடலாம் என்று ஃபோனை வெளியே எடுத்தேன். அப்போதுதான் படத்துக்குக் கீழே ஒரே ஒரு கருத்து வந்திருந்ததைப் பார்த்தேன். கனடாவில் ஆல்பர்ட்டாவில் இருக்கிற டெனீஸ் என்கிற பெண்மணி எழுதியிருந்தார். அவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "கதவுக் கண்ணாடிய பாருங்க எல்லாரும்! ஒரு பெரியவர் வண்டி மேல இருக்கிற பனிய தட்டிட்டிருக்காரு. இவ்வளவு நுணுக்கமா யோசிச்சு வைக்கிறாங்களே, அடேங்கப்பா!"

நான் படத்தைப் பெரிதாக்கினேன். கேமராவைச் சாய்வாக வைத்திருந்ததால் கதவுக் கண்ணாடியில் நான் விழவில்லை, எதிர்வீட்டு வண்டிப் பாதை விழுந்திருந்தது. அதில் ரெய்னோ நின்றார். சாலைத் துறையின் ஆரஞ்சுக் கோட்டு, காது மூடிய கம்பளித் தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், அக்குளில் ஃபிளாஸ்க். கையில் நீளப் பிரஷ் வைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படம் எடுத்தவள் நான், மேலே எழுத்து வைத்தவள் நான், என் கண்ணுக்கு அந்தப் பச்சை வளையம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஜூலை மாதத்தில் குளிர்கால உடுப்புப் பெட்டியைத் திறந்து பார்க்க லினெட்டுக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஃபோனை லினெட்டிடம் நீட்டினேன். அவள் இரண்டு விரலால் படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

"ஐயோ, அப்பா வேலைக்குப் போயிருக்காருடி."

"என்ன வேலைக்கு?" என்று டெப்யூட்டி கேட்டார்.

"பனி தள்ளத்தான். அவருக்கு வேற என்ன வேல தெரியும்?"

அதன் பிறகு டெப்யூட்டி சாலைத் துறைக் கொட்டகைக்குப் பேசினார். ஃபோனை எடுத்தவரைத் தவிர எல்லோரும் தார் போடப் போயிருந்தார்கள், ரெய்னோ அங்கே வரவில்லை. லினெட் வெஸ் கோஸ்கி என்பவருக்கு ஃபோன் செய்தாள். அவர் ரெய்னோவின் லாரியில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, சாலையோரப் பனியைத் தள்ளுகிற பக்கவாட்டுத் தகட்டை இயக்கியவர். ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ராத்திரி பெரிய பனி கொட்டினா ரெய்னோ மொதல்ல எங்க போவான்னு கேக்கறியா? ஹெம்லாக் ரோடு கடைசிக்குத்தான். லெம்பின்னு ஒரு கெழவி தனியா இருந்தா. அவளுக்குப் பனிய தள்ளி வழி பண்ணிக் குடுத்துட்டுத்தான் ஊருக்குள்ளயே வருவான். ஆபீஸ்ல எத்தன தடவ திட்டினாலும் கேக்க மாட்டான்."

"ஹெம்லாக் ரோடு மூணாவது பாலத்தோட முடிஞ்சுபோச்சே, சார்" என்றார் டெப்யூட்டி. "மேப்புலயே இல்ல."

"உன் மேப்புல இல்ல தம்பி. அவன் மேப்புல இருக்கே!"

அதன் பிறகு மூவரும் டெப்யூட்டியின் வண்டியில் போனோம். லினெட் முன்னால், நான் கம்பி வலைக்குப் பின்னால், கைதிகள் உட்காருகிற இடத்தில். என் பேருந்து அந்தச் சாலையில் கடைசித் தபால்பெட்டி வரைக்கும்தான் போகும். பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செடி மண்டி, வழி என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. ஆனால் கிளைகள் புதிதாக ஒடிந்து பால் வடிந்துகொண்டிருந்தன. லினெட் அதைக் கை காட்டினாள்.

சாலை முடிகிற இடத்தில் கொஞ்சம் வெட்டவெளி இருந்தது. பிக்கப் வண்டி ஊரைப் பார்த்துத் திருப்பி ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் இடிந்த அஸ்திவாரக் கல் ஒன்றில் ரெய்னோ உட்கார்ந்திருந்தார், கோட்டுப் பொத்தான் கழுத்து வரை போட்டபடி. முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது, மூச்சு வாங்கியது. ஆனால் கண் திறந்திருந்தது.

லினெட் ஓடிப் போய் அவர் முன்னால் மண்டியிட்டாள். அவர் அவளிடம், "இங்க ஒரு பொட்டு பனி இல்ல. லெம்பி வீட்டையும் காணோம். எவன் தூக்கிட்டுப் போனான்?" என்று கேட்டார்.

"கோட்ட கழட்டுங்கப்பா. மொதல்ல கோட்ட கழட்டுங்க."

"டூட்டில இருக்கேன். கழட்டக் கூடாது."

லினெட் பொத்தானில் கை வைத்தாள், அவர் தட்டிவிட்டார். இரண்டாவது தடவை பலமாகத் தட்டிவிட்டார். அப்போது டெப்யூட்டி மோரின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து, "சார், உங்க ஷிஃப்ட் முடிஞ்சுது. அடுத்த ஷிஃப்ட்டு நான்தான்" என்றார்.

ரெய்னோ அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"லேட்டு" என்றார். கோட்டைத் தானே கழற்றி டெப்யூட்டியின் கையில் கொடுத்தார்.

இதையும் எழுத வேண்டாம் என்றுதான் டெப்யூட்டி சொன்னார். பஸ்ஸில் ஒரு நாளும் ஒழுங்காக உட்காராத பையன் இப்படி வளர்ந்திருக்கிறான் என்பது கவுண்டிக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு ரெய்னோவின் தலையில் தண்ணீர் ஊற்றி, பாலத்தடியில் வந்து நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது, இருதயத்துக்கு ஒன்றும் இல்லை, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது என் நிலை என்ன என்று டெப்யூட்டி இப்போது கேட்கிறார். தாழ்வாரத்தில் குளிர்பான மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட நான் பட்டதில்லை.

அதன் பிறகு லினெட் வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன்.

"எடுக்காத" என்றாள். "முப்பது வருஷம் வேலைக்குப் போனாரு. கெளம்பிப் போறத நான் ஒரு நாள் கூட பாத்ததில்ல. நான் முழிக்கறப்போ வண்டி போயிருக்கும். எவ்வளவு அக்கறையா தொடைக்கிறாரு பாரு." பிறகு, "கேஸெல்லாம் வேண்டாம்டி. ஆனா ஒரு வாரத்துக்கு உன் கூட பேச மாட்டேன்" என்றாள். பேச மாட்டேன் என்று சொன்னதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டேதான் வந்தாள்.

ரெய்னோவை முன்னால் உட்கார வைத்து டெப்யூட்டியின் வண்டியில் நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. என் வாசலில் பஞ்சும் பொடியும் காலையில் போட்டது போட்டபடி கிடந்தன. ரெய்னோ வண்டியை நிறுத்தச் சொன்னார். மறுபடியும் வேலைக்குக் கிளம்பிவிடுவாரோ என்று லினெட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடியை இறக்கி என் வாசலை நெடுநேரம் பார்த்தார்.

"டார்லா, இது என்ன மாசம்?"

"ஜூலைங்க."

"ஜூலை மாசத்துல வாசல் பூரா பனியக் கொட்டி வச்சிருக்கியே, உனக்கு மூளை இருக்கா? யாராவது நெசம்னு நம்பிட்டா என்ன ஆகறது?"

லினெட் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் வண்டியை விட்டு இறங்கி, நடுரோட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ரெய்னோ எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

இதில் சொன்னவை நான் கண்டதும் கேட்டதும் செய்ததுமாகும். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. டெப்யூட்டி படித்துக் காட்டக் கேட்டேன், எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்) டார்லா ஹெய்க்கினென்