பதிவில் இல்லாத இடைவேளை

மணி அடித்தபோது நான் லாமிங்டன் கேக்குகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கான்பெரா நாடாளுமன்றத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போனது. சுவரில் பச்சை விளக்கு மின்னும்; உறுப்பினர்கள் ஓட்டுப் போட அவைக்கு ஓடுவார்கள்; கொஞ்ச நேரத்தில் அவைக் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

ஆனால் அன்று சாட்சி சொல்ல வந்திருந்த பெண் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. தன்னைப் பிடிக்கத்தான் மணி அடிக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

"உக்காரும்மா, வெறும் ஓட்டுதான்," என்றார் குழுத் தலைவர் மெல்ரோஸ். "விசாரணையை நிறுத்தி வைக்கிறேன். அந்தக் கேக்கை எவனாவது தொட்டீங்க, அடுத்த தேர்தல்ல சீட்டு கிடையாது."

"முதல்ல ஓடுங்க தலைவரே. போன வாரம் மாதிரி பூட்டின கதவுல மூக்கை இடிச்சுக்காதீங்க," என்று சீண்டினார் எதிர்க்கட்சி உறுப்பினர் நோரீன்.

சிரித்துக்கொண்டே போனார்கள். ஒலிப்பதிவு செய்பவரும் கருவியை அணைத்துவிட்டு வெளியே போனார். அறையில் நானும் அவளும் மட்டும்.

உளவுத்துறையைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுவுக்கு நான் செயலாளர். குழு என்ன, உளவுத்துறை காட்டுவதைப் பார்க்கும் ஒரு கண். அவர்கள் காட்ட மறுத்தால் குழு குருடு. அதனால் இரு தரப்புக்கும் நடுவே நம்பிக்கை வேண்டும். அதைக் காப்பதுதான் என் வேலை என்று நினைத்து வந்திருக்கிறேன்.

அவள் பெயர் டெல்வின் ராஃப்டர். உளவுத்துறையில் ஆய்வாளர். பசிபிக் தீவு ஒன்றில் நமக்குத் துப்புக் கொடுத்துவந்த மீனவர் ஒருவர், உயிருக்குப் பயந்து தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறார். உதவ வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவரைக் கொன்றுவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். அந்த அழைப்பைக் காதால் கேட்ட சக ஊழியர் ஒருவர் உண்டு என்றாள். குழு எத்தனை முறை கேட்டும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

தேநீர் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தாள்.

"இங்க பேசுறது வெளிய போகாதில்ல சார்?"

"இந்த அறையில பேசுறதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கும்மா."

அது பொய் இல்லை. குழு கூடியிருக்கும்போது பாதுகாப்பு உண்டு. மணி அடித்து எல்லோரும் போய்விட்டால் அது வெறும் அறை. அவளுக்கு அது தெரியாது. ஏற்கெனவே பயந்துபோயிருந்த பெண்ணை மேலும் கலங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அவன் பேரு கோலின் ஹேன்ராட்டி. அவங்களுக்குத் தெரிஞ்சா விடமாட்டாங்க. குழுதான் அவனைக் காப்பாத்தணும்."

"நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

விசாரணை முடிந்த பிறகு உளவுத்துறையிலிருந்து ஸ்ட்ரிக்லண்ட் என்னை அழைப்பது வழக்கம். அன்றும் அழைத்தார்.

"உங்க பொண்ணு டார்வின்ல சௌக்கியமா? மஞ்சக் கதவு போட்ட வீடு, அழகா இருக்கு சார்."

கதவின் நிறத்தை நான் அவரிடம் சொன்னதில்லை. அக்கறையுள்ள மனிதர் என்று எடுத்துக்கொண்டேன். நான் பயந்துபோய்ப் பேசினேன் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் நீங்கள் எழுதினால் அது தவறு. என் குரல் நிதானமாகவே இருந்தது. கோலின் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

கோலினை ஏரியில் கண்டெடுத்தார்கள். துடுப்புப் படகு கவிழ்ந்துவிட்டதாம். அவர் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டார் என்று மனைவி சொன்னாராம். துக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள். குழுவின் சார்பில் நல்ல மலர்வளையமாகப் பார்த்து அனுப்பினேன்.

அடக்கம் முடிந்ததும் டெல்வின் என் அறைக்கு வந்தாள். ஈரக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னலோரம் நிற்கப் பயந்து, அலமாரியை ஒட்டி நின்றாள்.

"எப்படி சார் அவங்களுக்குத் தெரிஞ்சுது? அந்த மீனவர் ஃபோன் பண்ணின அன்னைக்கு கோலினோட இன்னொரு பொண்ணும் டூட்டியில இருந்தா. அவளும் கேட்டிருக்கா. ரெண்டு சின்னக் குழந்தைங்க அவளுக்கு. அடுத்தது அவதான்னு பயமா இருக்கு சார். உங்களை விட்டா நான் யாரை நம்புவேன்?"

அவள் அழுது ஓயட்டும் என்று காத்திருந்தேன். நம்பிக்கையோடு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புவது முறையல்ல. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

"பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன். அந்தப் பொண்ணு பேரு என்ன?"