முதல் குரல் அவளுடையது

சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 9.14 மணிக்கு, தேசியப் பூங்கா அலுவலக எழுத்தர் எனக்குப் போன் செய்து, என் மனைவி ஓட்டி வந்த வண்டியின் மேல் மரக்கிளை முறிந்து விழுந்து அவள் இறந்துவிட்டதாகச் சொன்னார். அதில் யார் மீதும் எனக்குப் புகார் இல்லை.

எனக்கு வயது முப்பத்தொன்று. பூங்கா ஊழியர் குடியிருப்பில் ஏழாம் எண் வீட்டில் வசிக்கிறேன். ஒலிப்பதிவுக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. என் மனைவி அதே பூங்காவில் பறவைக் கணக்கெடுப்பாளர். நாங்கள் இருவரும் பொய்யான பறவைக் குரல் தயாரித்ததாகப் பூங்கா ஏரியில் படகு விடும் குத்தகைக்காரர் கொடுத்த புகார் குறித்துப் போலீசார் விசாரித்ததால் சொல்கிறேன்.

அவள் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, காலை 6.20 மணிக்கு, ஏரியின் வடக்கு நாணலோரம் படகை நிறுத்தினோம். இங்கே இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு வகைக் கானாங்கோழி அங்கே இருப்பதாக அவள் மூன்று மாதமாகச் சொல்லி வந்தாள். ரெக்கார்டர் ஓடத் தொடங்கிய பிறகு தேதியும் நேரமும் சொல்லி, "முதல் குரல் என்னோடது" என்றாள். அதன் பிறகு முன்பல் இடுக்கு வழியாக அந்தப் பறவை போலவே ஒரே ஒரு தடவை சீட்டியடித்தாள். அடைகாக்கும் பறவையை இரண்டாம் தடவை கூப்பிட மாட்டாள். பதினோரு வினாடி கழித்து நாணலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"கேட்டியா? என்னைய அதோட ஜோடின்னு நம்பிருச்சு, பாவம்" என்றாள்.

"நம்பி ஏமாந்ததுல அது ரெண்டாவது ஆளு" என்றேன். தொடையில் கிள்ளினாள். அதுவும் பதிவில் இருக்கிறது.

அதன் பிறகு அலுவலகத்துக்கு அனுப்ப, ஆறு நிமிடப் பதிவை, அவள் சீட்டியும் பறவையின் பதிலும் மட்டும் இருக்கும்படி நாற்பது வினாடியாக வெட்டினேன். எங்கள் தொழிலில் பேச்சும் சிரிப்பும் இரைச்சல் கணக்கு. "நான் சொன்னதையும் வெட்டிட்டியே" என்று அவள் கேட்டதற்கு, "படிவத்துல எழுதிக்கலாம்" என்றேன். எழுத மறந்தது நான்.

அந்தப் பதிவை வைத்து, குஞ்சு பொரிக்கும் வரை வடக்குப் பக்கம் படகு போகக் கூடாது என்று பூங்கா உத்தரவு போட்டது. அதன் பிறகு குத்தகைக்காரர் ஒரு பறவைக் குரல் நிபுணரிடம் அந்தப் பதிவைக் கொடுத்தார். முதல் குரல் சந்தேகமில்லாமல் பறவை, இரண்டாவது மனிதர் அடித்த சீட்டி என்று அந்த நிபுணர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை வாசித்துக் காட்டியபோது நான் காவல் நிலையத்தில் சிரித்தது நிஜம். அவமதிக்கும் நோக்கம் இல்லை. பறவை ஏமாந்தது, நிபுணரும் ஏமாந்தார், என் மனைவி யாரையும் ஏமாற்றவில்லை. அவள் இருந்திருந்தால் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பாள்.

நேற்று மாலை குத்தகைக்காரர் போனில், "போனவங்க மேல போட்டுட்டா யாருக்கும் நஷ்டமில்ல தம்பி. அவங்கதான் ஏமாத்துனாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, உங்க பேரை எடுத்துடுறேன்" என்றார்.

"வெட்டுனது நான் சார். என் பேரையே வச்சுக்கங்க" என்றேன். அதன் பிறகு நான்கு தடவை கூப்பிட்டார்.

வெட்டாத ஆறு நிமிடமும் உள்ள மெமரி கார்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். முழுவதும் கேட்டு முடிக்கும் வரை வடக்குப் பக்கம் படகு விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னபடியே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மை, கையெழுத்திட்டிருக்கிறேன். இனி கேட்க வேண்டியது இருந்தால் வீட்டுக்கு ஆள் அனுப்பவும், நேரில் வருகிறேன். போனை அணைத்து வைத்திருக்கிறேன்.