பட்டாளத்தான் தங்கச்சி வூட்டுக்குப் போன கதை

— இதன் மூலம் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று ஞாயிற்றுக்கிழமை, நண்பகல், நமது கூடத்தில் முடிவுக்கு வந்த பட்டாளத்தான் வீடியோ விளையாட்டின் முடிவானது முடிவே அல்ல என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது. கதைமாந்தர் பலரது கதியும் அந்தரத்தில் தொங்குவதை இம்மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது. பதிவு பண்ணிக்கோ மாப்ள.

— சகலரும்னா யாருங்க? நானும் உங்க தங்கச்சி மவனும்தான குந்திகினு இருக்கோம்.

— தங்கமணி, மன்றம் பேசறப்ப குறுக்க பேசாத. நிலக்கடலை உரிக்கும் பணியைத் தொடரவும்.

— மன்றத்துக்கு மல்லாட்ட உரிக்கத் தெரியுமா? தெரிஞ்சா ஒரு கை குடுக்கச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள வெத மல்லாட்ட உரிச்சாவணும்.

— மாமா, ஏகமனதான்னு போடாதீங்க. எனக்கு முடிவு புடிச்சிருந்துது.

— இன்னாடா புடிச்சிருந்துது? அறிவுச்செல்வன்னு உனக்குப் பேரு வெச்சவன் நானு. மேடை போட்டு, மைக்குல சொல்லி வெச்சன். அந்தப் பேருக்காவது மரியாத குடு.

— உலகம் பூரா மெச்சிகினு இருக்காங்க மாமா. மிச்சத்த நாமளே யோசிச்சிக்கணும்னு வுட்டிருக்காங்க. இப்போ அதான் பெரிய கலைன்னு சொல்றாங்க.

— நானே யோசிச்சிக்கறதுக்கு அவன் எதுக்கு? கரும்பு வெட்டறப்ப ஆரம்பிச்ச ஆட்டம், மல்லாட்ட போடற நேரம் வந்துட்டுது. கல்யாணத்துக்குக் கூப்ட்டு, எல போட்டு, தண்ணியும் தெளிக்க வெச்சிட்டு, சோத்த நீயே நெனச்சிக்கோன்னு சொல்றாப்பல இருக்குது.

— கல்யாணம்னதும் ஞாபகம் வருது. வர வியாழக்கெழம வெள்ளிமலையில நெசமாவே எல போடறாங்க. சோறும் போடறாங்க. பொண்ணு உங்க தங்கச்சி மவ சந்தியா. தாய்மாமன் நீங்க.

— அது வேற தலைப்பு. மன்றம் அத எடுத்துக்காது.

— மன்றம் ரெண்டு வருசமா எடுத்துக்கல. பாப்பாத்தி புது வூட்டுக்குக் குடி போனப்ப, பத்திரிகையில ‘முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர்’னு போடாம வெறும் கண்ணாயிரம்னு போட்டுட்டாங்கன்னு முறுக்கிகினு வந்தவருதான். முறுக்கு இன்னும் நமுக்கல.

— பாப்பாத்தி புருசனோட அண்ணன் அரங்கநாதனுக்கு மட்டும் ‘ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்’னு போட்டாங்களே, அத சொல்லு. அவன் சர்வீஸ்ல எழுதனது இன்னா? லீவு லெட்டரு.

— இந்தத் தடவ உங்களுக்குப் போட்டிருக்கோம் மாமா. கொட்ட எழுத்துல.

— போட்டீங்க. அரங்கநாதனுக்குக் கீழ போட்டீங்க.

— அவரு பெரியப்பா மாமா, வயசுல பெரியவரு. நீங்க வரலேன்னா சந்தியாவ கையப் புடிச்சி மணவறைக்கு அழைச்சிகினு போறது நானுதான்னு இப்பவே வேட்டிய இஸ்திரி போட்டு வெச்சிருக்காரு.

— அரங்கநாதனா? அது தாய்மாமன் பாத்யதடா!

— தாய்மாமன் இங்க குந்திகினு பொம்ம பாத்துகினு இருக்காரே.

— பொம்மன்னு சொல்லாத தங்கமணி. நம்ம வீரமணி பெங்களூருக்கு வேலைக்குப் போறப்ப வுட்டுட்டுப் போன பொட்டி. பையன் பொருளு வீணாப் போவக் கூடாதுன்னுதான் நானு இதுல எறங்கனன்.

— எறங்கனவரு ஏறவே இல்ல. டிவில பேரு ஓடிகினே இருக்குது, அமத்தட்டுமா?

— தொடாத! பேரு போட்டா கடைசி வரைக்கும் படிக்கணும். அதான் போட்டவனுக்கு நாம குடுக்கற மரியாத. மாப்ள, அது ஓடட்டும். நானு ஒன்னொன்னா கேக்கறன், நீ பதில் சொல்லு. பாலத்துக் காவக்காரக் கெழவன், மவன் வருவான் வருவான்னு லாந்தரப் புடிச்சிகினு நிக்கறான். மவன் வந்தானா?

— காட்டல மாமா.

— கோயில் மணியத் திருடிகினு ஓடனானே சமையக்காரன், அவன் புடிபட்டானா?

— அது ஒரு குறியீடு மாமா.

— குறியீடு! எங்க ஆளுங்க பம்புசெட்டுல ஒயரு திருடு போனப்ப ஸ்டேஷன்ல இப்டிதான்டா சொன்னாங்க, வேற வார்த்தையில.

— குதிரய கேளுங்க, குதிரய.

— அதுக்குதான் வரன். பட்டாளத்தான் மலையடிவாரத்துல குதிரய மரத்துல கட்டிட்டு மேல ஏறிட்டான். பனி கொட்டுது. அவுத்து வுட்டானா? தண்ணி காட்டனானா? ஒரு பிடி பில்லு?

— எனக்கு அந்தக் குதிர ஒன்னுதான் கவல. நேத்து கனவுல வந்து மொறச்சிது. நாமதான் கட்டிட்டு வந்துட்டோம்னு நெனச்சிகினு இருக்குது போல.

— கேட்டியா? ஒரு குடியானவன எழுத வுட்டிருந்தா மொத வேலையா குதிரய அவுத்திருப்பான். ஆகவே மாப்ள, இத்தன கதையில ஒன்னே ஒன்னுதான் உருப்படியா முடிஞ்சிது. பட்டாளத்தானும் அவன் தங்கச்சி எலினாவும்.

— ஆமாங்க ஆமா. அது ரொம்ப நல்லா முடிஞ்சிது. நானும் கண்ணால பாத்தன்.

— அத்த, மல்லாட்டத் தோலு பறக்குது. காத்தாடிய கம்மி பண்ணட்டா?

— காத்தாடி சுத்தட்டும் அறிவு. ஒரு சந்தேகம். அவங்க பேசற இங்கிலீசு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அவ அவன் தங்கச்சி, ஏதோ மனஸ்தாபத்துல பிரிஞ்சிட்டாங்கன்னு நீதான் எங்களுக்குத் தமிழ்ல சொல்லிகினு வந்த. சரி. தங்கச்சிக்கு மோதரம் போடறவன் எதுக்கு முட்டி போட்டான்?

— அது வந்து… பொறந்த வூட்டு சீரு அத்த. அவங்க ஊருல சீரு குடுக்கறப்ப முட்டி போட்டுதான் குடுப்பாங்க.

— ஓகோ. அப்பறம் அந்த முத்தம்?

— கன்னத்துல அத்த. காமிரா கொஞ்சம் கோணலா வெச்சிட்டாங்க.

— அம்மாம் நேரமா?

— ரொம்ப நாளு கழிச்சிப் பாக்கறாங்க இல்ல.

— தங்கமணி! பனி தேசத்துப் பண்பாட்டப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? அங்க இருக்கற குளுருக்கு கட்டிப் புடிச்சாதான் உசுரு நிக்கும். அண்ணன் தங்கச்சி பாசத்தப் போயி கொச்சப்படுத்தறியே!

— நானு வாயே தொறக்கல சாமி. மல்லாட்டயப் பாத்துக்கறன்.

— பட்டாளத்தானப் பாருடா மாப்ள. எவ்வளவு பெரிய வீரன்! எத்தனை போர்! எத்தனை பதக்கம்! அத்தனையையும் கழற்றி ஆற்றில் வீசிவிட்டு, வெறும் ஆளாக, தங்கையின் வாசலில் போய் நிற்கிறானே, அங்கே நிற்கிறது மனிதகுலத்தின் மாண்பு!

— அவன அவ கூப்ட்டாளாங்க?

— யாரு?

— அந்த எலினா. ஆளு அனுப்பனாளா? வெத்தல பாக்கு வெச்சி அழச்சாளா?

— இல்ல. அவனாதான் போனான். அதான பெருமையே.

— வாசல்ல அவன் பேரும் பட்டமும் போட்டு பேனரு கட்டியிருந்தாங்களா?

— எதுக்குடி பேனரு? தங்கச்சி வூட்டுக்குப் போறதுக்கு யாருனா பேனரு கேப்பாங்களா? கிறுக்குத்தனமா பேசற.

— அத நீங்களே சொல்லிட்டீங்க. அறிவு, பதிவு பண்ணிக்கோப்பா.

— பண்ணிட்டன் அத்த.

— இது சூழ்ச்சி. மன்றத்த திசை திருப்பறீங்க. அந்த மலை வேற, வெள்ளிமலை வேற. கொண்ட ஊசி வளைவுல எனக்குத் தல சுத்தும்.

— அவன் இடுப்பு ஆழம் பனியில ஓநாய் கூட சண்ட போட்டுகினு ஏறனான். நீங்க கள்ளக்குறிச்சியில பஸ் ஏறி குந்தனா வெள்ளிமலையில எறங்கிடலாம். கச்சிராயபாளையத்துல வண்டி நின்னா போண்டா கூட வாங்கித் தரன்.

— மாமா, ஒன்னு சொல்லட்டுங்களா? இவ்ளோ நேரமா பேரு ஓடுதே, பாத்துகினு இருக்கீங்க இல்ல? இதுல யாருக்குனா பட்டம் இருக்குதா?

— நானும் அதான் பாத்துகினு வரன். அது யாருடா, இப்ப போவுது?

— முதலாளி மாமா. கம்பெனியே அவருதுதான்.

— அவருக்கும் அதே பொடி எழுத்தா?

— அதே எழுத்துதான். அவருக்குக் கீழ வராங்களே, அவங்க ஆபீசுக்கு சோறு கொண்டாந்தவங்க. இப்போ வரிசையா வருதே, அதெல்லாம் இந்த ஆட்டத்த பண்ணிகினு இருந்தப்ப அங்க வேல செஞ்சவங்களுக்குப் பொறந்த கொழந்தைங்க.

— கொழந்தைங்களா? கொழந்தைங்க பேர எதுக்குடா போட்டான்?

— எதுக்கோ மாமா. வூட்டுல நல்லது நடந்துது, சொல்லணும்னு தோணியிருக்கும்.

— சந்தியா பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல மொத மொதல்ல துணியில வாங்கனது நானுடி. அன்னிக்கி எனக்கு ஒரு பதவியும் கெடையாது. வார்டு மெம்பரு எலக்‌ஷன்ல தோத்துட்டு வந்திருந்தன்.

— தெரியும். தோத்த ஆளு மாதிரியா வந்தீங்க? தெருவுக்கே முட்டாய் குடுத்தீங்க. ஜெயிச்சிட்டீங்களாக்கும்னு நாலு பேரு மாலையே போட்டாங்க.

— அந்தப் பொண்ண அரங்கநாதன் கையப் புடிச்சி அழச்சிகினு போவானா? மாப்ள, போன போடு. உங்க அம்மாவுக்குப் போடு.

— இதோ மாமா. அடிக்குது. ஸ்பீக்கர்ல போட்டுட்டன், பேசுங்க.

— அலோ, அறிவா? சாப்ட்டியாடா?

— நாந்தான்.

— நாந்தான்னா யாரு? பேருக்குப் பின்னால ஏதோ வருமே, அத்தயும் சேத்து சொல்லுங்க. அத வுட்டுட்டா எங்க வூட்டுல குத்தமாயிடும்.

— வெறும் கண்ணாயிரம்.

— ண்ணா…

— அழாத பாப்பா. எல்லாரும் கேட்டுகினு இருக்காங்க.

— நானு எங்க அழுவறன்? வெங்காயம் அரிஞ்சிகினு இருக்கன். நீதான் மூக்க உறிஞ்சற.

— இங்க மல்லாட்டத் தூசி ஜாஸ்தி.

— மாமா! மாமா! பேரு முடிஞ்சி ஏதோ வருது, டிவியப் பாருங்க!

— இருடா, தங்கச்சிகிட்ட பேசிகினு இருக்கன். பாப்பா, வியாழக்கெழம…

— ஐயோ, குதிர! அறிவு, குதிரடா! பனியில இருந்து வருது பாரு!

— கழுத்துல பாருங்க அத்த, மணி! அந்தக் கோயில் மணி! கயிறப் புடிச்சிகினு வரது அந்தச் சமையக்காரன்தான்!

— மேல குந்திகினு வரது யாருடா?

— பாலத்துக்காரரு மவன் அத்த! தோ, கெழவரு லாந்தர கீழ போட்டுட்டு ஓடியாராரு!

— ண்ணா, அங்க இன்னா கூச்சலு? யாரு மவன் வந்துட்டான்?

— தெரியல பாப்பா, ஏதோ குதிர வந்திருக்குது. நீ சொல்லு. மணவறைக்கு யாரு அழச்சிகினு போறது?

— உன் மவ, நீதான் வந்து அழச்சிகினு போவணும். பெரியவருகிட்ட நானு சொல்லிக்கறன். இஸ்திரி போட்ட வேட்டியில அவரு பந்தியில நிக்கட்டும். பொதன்கெழமயே வந்துடு, அண்ணிய இட்டுகினு வா. சீரு தட்டு அது இதுன்னு மேளம் வெச்சி ஊர கூட்டாத, வந்தா போதும்.

— வாக்கு குடுத்துட்டன் பாப்பா. வெச்சிடறன். அப்பாடா! இன்னாடா மாப்ள, டிவி கருப்பாயிடுச்சி?

— முடிஞ்சிடுச்சி மாமா. இப்ப நெசமாவே முடிஞ்சிடுச்சி. குதிர, மணி, பாலத்துக்காரரு மவன், மூனும் ஒன்னா வந்து சேந்துட்டுது.

— எப்போ?

— நீங்க போன்ல இருந்தப்ப.

— இம்மாம் நாளு கண்ணு கொட்டாம பாத்த எனக்குக் காட்டாம, மல்லாட்ட உரிச்சவளுக்குக் காட்டிட்டானா?

— குதிர நல்லாதாங்க இருக்குது. கொஞ்சம் பூசனாப்பல கூட இருக்குது. எனக்கு மனசு ஆறிப் போச்சி. எழுந்திரிங்க, இன்னிக்கி வட சுடறன்.

— போவட்டும். எனக்கு வேண்டிய முடிவு எனக்குக் கெடச்சிடுச்சி. ஆகவே, இதன் மூலம் மேலும் அறிவிப்பது யாதெனில், வரும் வியாழக்கிழமை திருமண மண்டபத்தில், வாழ்த்துரை வழங்கும் தாய்மாமன் கண்ணாயிரம், பட்டாளத்தானும் அவனுடைய அருமைத் தங்கை எலினாவும் இணைந்த காவியத்தை மைக்கில் எடுத்துரைப்பார். மாப்ள, பொட்டியும் டிவியும் தூக்கிகினு வந்துடு. அந்த மோதரம் போடற காட்சிய பெருசா போட்டுக் காட்டு. அண்ணன் தங்கச்சின்னா இப்டி இருக்கணும்னு அரங்கநாதன் பாக்கட்டும், மலையே பாக்கட்டும்.

— மாமா, வேணாம் மாமா. மண்டபத்துல எல்லாம்… கரண்டு கம்மியா இருக்கும் மாமா.

— ஜெனரேட்டரு வெப்போம்.

— பெரியவங்க எல்லாம் வருவாங்க மாமா…

— பெரியவங்க பாக்க வேண்டிய காட்சிடா அது!

— அத்த, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க அத்த.

— ஏங்க, பாப்பாத்திகிட்ட வரன்னு வாக்கு குடுத்தாச்சி இல்ல?

— குடுத்தாச்சி.

— இன்னா ஆனாலும் மாத்த மாட்டீங்களே?

— கல்வராயன் மலை எடம் மாறினாலும் இந்தக் கண்ணாயிரம் வாக்கு மாறாது. ஏன் கேக்கற?

— அந்த எலினா அவன் தங்கச்சி இல்ல. பொண்டாட்டி.