வியாழக்கிழமை பக்கத்தில் உட்காருவது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் மேயர் அவர்களே, பாதிரியார் அவர்களே, அக்கா ஆரங்காவை இழந்து நிற்கும் ஹெலெனா அவர்களே, நம் ரோமா இனத்தவர் குடியிருப்பிலிருந்தும் நகரத்திலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

ஆரங்கா பண்டியோவா அம்மையார் பள்ளியில் என்னோடு உதவி ஆசிரியையாக இருந்தவர். பிறகு, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போனவர். அவர் விட்டுச்சென்ற வேலை ஒன்று காத்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை ஓர் இளம்பெண் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார ஆரங்கா இல்லை.

அடக்கம் முடியும்வரை இறந்தவரைத் தனியே விடாதவர்கள் நாம். வீடு நிறைய ஆள் இருக்கும். சீட்டாடுவோம், இறந்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிப்போம். ஆரங்காவின் வீட்டில் ஹெலெனாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். வருகிறவர்களுக்காகச் சுட்ட மரிக்லா ரொட்டி தொடுவாரின்றி ஆறிப்போனது.

ஏன் யாரும் வரவில்லை? அவரால் தலை நிமிர்ந்த பெண்கள் நன்றி மறந்தவர்களா? இல்லை. வாசலில் ஒருத்தி வந்து அழுதால், ‘இவளுக்கு ஆரங்காவை எப்படித் தெரியும்?’ என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தார்கள்.

அந்தப் பயம் ஆரங்காவுக்குத் தெரியும். அதனால்தான் தான் உதவிய பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்தால் முன்பின் அறியாதவர் போலக் கடந்து போவார். “நானா வந்து பேச மாட்டேன். நீ வந்து பேசினா பேசுவேன்,” என்று முதல் நாளே சொல்லிவிடுவார். பேசியவர்கள் குறைவு. நாமோ அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றோம். அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. தனியாகக் காபி குடித்தார், தனியாகத் தேவாலயத்துக்குப் போனார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருமுறை காவல் நிலையத்தில் புகாரை எழுத வேண்டியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உங்க ஆளுங்களுக்குள்ள இதெல்லாம் சகஜம்தானேம்மா?” என்றார்.

“உங்க சைக்கிள் காணாமப் போனா, உங்க தெருவுல இது சகஜம்னு விட்டுடுவீங்களா சார்? எழுதுங்க. எனக்குச் சாயங்காலம்தான் பஸ்ஸு,” என்றார் ஆரங்கா.

பேனாவை எடுத்து எழுதினார்.

குடியிருப்புக்குத் திரும்பினால் இங்கே வேறு கோபம். நம் ஆளையே காட்டிக்கொடுக்கிறாயா என்று நாம் கேட்டோம். நம் பயமும் பொய்யல்ல. ஒருவனைத் தேடி வந்த போலீஸார் தெரு முழுக்கக் கதவுகளை உதைத்தது நமக்கு மறக்குமா? ஆரங்காவும் மறக்கவில்லை. புகார் கொடுத்த கையோடு, போலீஸ் நாய்கள் இல்லாமல், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வர வேண்டும் என்று அதிகாரிகளோடு வாதாடினார். நம்மிடமோ, “அவங்க நமக்குச் செய்யற அநியாயத்தைக் காட்டி, நாம நம்ம பொண்ணுங்களுக்குச் செய்யறத மூடாதீங்க,” என்றார். அங்கே அவர் ரோமாக்காரி. இங்கே அவர் போலீஸ்காரி. எந்தப் பக்கம் போய் நிற்பார் அவர்?

கல்யாண வீடுகளில் நம் பையன்களைப் பிடித்து வைத்துப் பேசுவார். ஆடக் கூப்பிட்டும் பெண் கை நீட்டாவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது என்பார். பையன்கள் கேலி செய்வார்கள். அடுத்த கல்யாணத்திலும் போய்ச் சொல்வார்.

நேற்று கல்லறையிலிருந்து திரும்பும்போது யோலானா என் பின்னாலேயே வந்தாள். வியாழக்கிழமை சாட்சி சொல்ல வேண்டியவள் அவள்தான். ஆரங்காவே போய்விட்டார், வழக்கை விட்டுவிடு என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

“நான் விட மாட்டேன் டீச்சர். நாளைக்குக் கூட்டத்துல என் பேரைச் சொல்லியே பேசுங்க. என் பேரு தெரிஞ்சா, எனக்கு அப்புறம் வர்றவ ஒளிய வேண்டாம்.”

பக்கத்தில் நான் உட்காரட்டுமா என்று கேட்டேன்.

“உட்காருங்க. ஆனா பாடம் நடத்தக் கூடாது. நான் பேசறப்ப ஆரங்கா அத்தை வாயே திறக்க மாட்டாங்க. சும்மா உட்கார்ந்திருப்பாங்க. அதுதான் எனக்கு வேணும்.”

நாற்பது வருடம் பேசியே பிழைத்தவளுக்கு அது கஷ்டம்தான். ஆனாலும் ஆரங்கா அம்மையாரின் பெயரால் இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டு யோலானாவின் பக்கத்தில் உட்காருவேன். அவளுக்கு அடுத்து வருகிறவள் பக்கத்திலும் உட்காருவேன்.

பாலத்துக்கு அருகிலிருந்து காலை முதல் பேருந்து. நீதிமன்றத்தில் எங்களுக்குப் பின்னால் பெஞ்சுகள் இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். யாரும் வராவிட்டாலும் நாங்கள் இருவரும் போவோம்.