மக்காச்சோளக் காட்டுத் துப்பாக்கி

வளைகுடா நாட்டில், அல் கூஸ் போகும் பஸ்ஸில் பெண்கள் பகுதியின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஓர் இளைஞனும் அவன் மாமாவும் நின்றிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த போனைப் பேசி முடித்தவன், "மாமா, அப்பாவுக்குத் துப்பாக்கி திரும்பக் கெடைச்சிருச்சு!" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

"லைசென்ஸத்தான் ரத்து பண்ணிட்டாங்களேடா?"

"ஆமா மாமா. தேர்தல் வந்தா துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்ல? அப்ப மக்காச்சோளம் கதிர் புடிச்ச நேரம். கேட்டு வந்த போலீஸ்கிட்ட, 'காட்டுப்பன்னிக்குத் தேர்தல் தெரியுமாய்யா'ன்னு கேட்டு, குடுக்க மாட்டேன்னுட்டாரு."

"உங்கப்பன் வாய் இருக்கே!"

"அந்த வாயாலதான் போச்சு. அப்புறம் வெறும் தகரத்தத் தட்டிக்கிட்டுக் காவலுக்குப் போனாரு. பன்னி தொடையக் கிழிச்சிருச்சு. கலெக்டர் ஆபீசுக்கு மனு மேல மனு போட்டு, இன்னைக்குத்தான் உத்தரவு வந்திருக்கு. இனி வானத்தப் பாத்து ஒரு வேட்டு போட்டா ஓடிரும். நானும் நிம்மதியாத் தூங்குவேன் மாமா."

"அடுத்த தேர்தலுக்கு என்ன பண்ணுவாரு?"

"மொத ஆளாக் கொண்டுபோயிக் குடுத்துருவாரு. அதத் திரும்பத் தர்ற வரைக்கும் நான் லீவுல போயிக் காவல் இருப்பேன்."

"ஓட்டுப் போடவே லீவு தரமாட்டான் நம்ம மேனேஜர். பன்னி வெரட்டணும்னு கேட்டா தருவானா?"

"எனக்குக் கல்யாணம்னு சொல்லிக்கிறேன்."

"போன லீவுக்கும் அதத்தானடா சொன்ன!"