தூங்கும்போது எடுத்த அளவு

கரவனெல்லையில் பஸ் புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு நர்ஸ். பக்கத்தில் அவள் கணவன், மடியில் சப்பாத்துப் பெட்டியோடு.

"நீ தூங்குறப்பதான் உன் கால வரைஞ்சேன்" என்றான் அவன்.

"எதுக்குங்க?"

"குதிகால் வலிக்குதுன்னு அழுதியே. சொல்லாம கால்ல போட புதுச் சப்பாத்து வாங்கியாரலாம்னு நெனச்சேன். கடையில அந்தத் தாளக் காட்டித்தான் எடுத்தேன்."

"அதான் காலையில சரியா இருந்திச்சு. டியூட்டி முடிஞ்சு போட்டா விரலே உள்ள போகல. நாள் முழுக்க வார்டுல நின்னா கால் வீங்கிருங்க."

"அடி மெத்துன்னு இருக்கா?"

"அது சொகமா இருக்கு. ஒரு சைஸ் பெருசா இருந்தா போதும்."

"நாளைக்கு நீ அலைய வேணாம், நானே மாத்தியாறேன்."

ரப்பர் பால் காய்ந்திருந்த விரல்களால் சட்டைப்பையிலிருந்து அதே தாளை எடுத்து, பஸ் தரையில் விரித்தான்.

"கால வை."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்தாள். அவன் குனிந்து, பழைய கோட்டுக்கு வெளியே பென்சிலை ஓட்டினான். பஸ் கிளம்பியது.

"பஸ் ஆடுதுங்க. கோடு வெளிய போவுது."

"போகட்டும். கால் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."